செவ்வாய் வெள்ளியில் கண்ணாடியாகும் கல்

டில்லிபாபுவின் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்கள் யாரும் அழுதபடி இறங்கியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. படப்பையில் ஏறுகிற ஆளிடம் ஊர், கம்பெனி, லைன், சூப்பர்வைசரின் குணம் எல்லாவற்றையும் ஒரகடம் வருவதற்குள் கறந்துவிடுவான். இறங்கும்போது ஒரு சிரிப்பையும் வரவழைத்துவிடுவான். அந்த வெள்ளிக்கிழமை காலை ஏறிய பெண்ணிடம் மட்டும் அவன் ஜம்பம் சாயவில்லை. எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவள் பின் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, எங்க எறங்கணும்?"

"போலீஸ் ஸ்டேசன் எங்கண்ணே இருக்கு?"

டில்லிபாபு வண்டியை ஓரங்கட்டினான். அவள் பெயர் பேச்சி. ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவன் இசக்கிபாண்டி வல்லம் வடகாலில், நீலக்கல் சில்லு அறுத்துத் தேய்க்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கல்லைத் திருடிவிட்டான் என்று மேனேஜர் அவனை செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்திருக்கிறாராம். ஷிப்ட் மாறுவதற்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போலீஸில் ஒப்படைப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். அவர்களுக்கு முன்னால் தானே போய், என் புருஷன் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று போலீஸிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பி வந்திருக்கிறாள்.

"நீயா போய் அங்க நின்னா, அவங்க கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு நிக்கணும்," என்றான் டில்லிபாபு. "பேசாம உக்காரு. ஒருத்தராண்ட இட்டுனு போறேன்."

ஞானம்மா தண்டலத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டடம் ஒன்றின் மாடியில் பரிசோதனைக்கூடம் நடத்தி வந்தார். பக்கத்துக் கல்லூரியில் பல வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். சுற்று வட்டாரத் தொழிற்சாலைகள் அனுப்புகிற கல், தூள், பீங்கான் எல்லாவற்றையும் சோதித்து, இது இன்னது என்று எழுதிக் கொடுப்பது அவர் தொழில். அந்தப் பொட்டலங்களைக் கொண்டு போய்ச் சேர்ப்பது டில்லிபாபு. ஒன்றிரண்டு முறை பொட்டலத்தோடு வந்த வம்பையும் ஞானம்மா அவிழ்த்து வைத்ததுண்டு. அதிலிருந்து அந்தக் கூடத்தில் பாதி தன்னுடையது என்றே டில்லிபாபு நினைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளை மேஜைக்கு எதிரே பேச்சியை உட்கார வைத்து, ஞானம்மா முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரவிய சில்லு தொடைக்க எடத்துல இருக்காவ அக்கா. தொடைச்ச தட்ட லேசர் மெஷின்ல வச்சிப் பாப்பாவளாம். கொஞ்ச நாளா செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழம அவிய தொடைச்ச தட்டு மட்டும் கண்ணாடின்னு காட்டுதாம். மத்த நாளு ஒண்ணும் இல்ல. நல்ல கல்ல உருவிட்டுக் கண்ணாடிய வச்சிட்டாவன்னு சொல்லுதாவ."

"வேற யாரோட தட்டும் அப்படிக் காட்டலையா?"

"இல்லையாம். அந்த ரெண்டு நாளுதான் கழிவுச் சாமான் ஏத்துத வண்டி வருமாம். அத ஓட்டுத மாசானம் எங்க ஊருப் பக்கத்து ஆளு. ரெண்டு பேரும் கேட்டுப் பக்கம் நின்னு பேசுவாவ. அவரு வண்டியில கல்லு வெளிய போகுதுன்னு மேனேஜரு முடிவு கட்டிட்டாரு. இன்னைக்குக் காலையில தொடைச்ச முதத் தட்டும் கண்ணாடின்னு வந்திட்டாம். ஷிப்டுல அத்தன பேரையும் வெளிய வரிசையில நிக்க வச்சித் திருடன்னு சொல்லிட்டாவளாம் அக்கா. போனுல சொல்லும்போது அவியளுக்குக் குரலே எழும்பல."

டில்லிபாபு தொடையில் தட்டிக்கொண்டான். "யக்கா, மாசானந்தான். வண்டி அவனுது, நாளும் அவனுது. இந்தம்மா வூட்டுக்காரரு பாவம், ஒண்ணும் தெரியாத ஆளு."

"முகத்தையே பாக்காத ஆளை உள்ள தள்ளிட்டியே டில்லி," என்றார் ஞானம்மா. பிறகு பேச்சியிடம் திரும்பினார். "நீயும் வேலைக்குப் போறியாம்மா?"

"போன் கம்பெனியில இருந்தேன். இப்பம் மாசமா இருக்கேன். முன்ன ரெண்டு தங்கல. அதனால டாக்டரு வீட்டுலயே இருக்கச் சொல்லிட்டாவ."

டில்லிபாபு கீழே ஓடிப் போய் டீயும் முட்டை பப்ஸும் வாங்கி வந்தான். பேச்சி டீயை மட்டும் எடுத்துக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி சாப்பிட வேண்டாமா என்று அவன் வற்புறுத்தினான். "இன்னைக்கு வெள்ளிக்கெழமல்லா அண்ணே. காலையில சாமி கும்பிட்டாச்சி," என்று பப்ஸை அவன் பக்கமே நகர்த்திவிட்டாள். அவள் எழுந்தபோது மேஜையில் கை ஊன்றிய இடத்தில் மஞ்சளாக ஒரு தடம் தெரிந்தது. பதறிப்போய் முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். போகவில்லை.

"விடும்மா," என்று ஞானம்மா பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட்டை நனைத்து ஒரு தரம் இழுத்தார். மேஜை பளிச்சென்று ஆயிற்று. பஞ்சு மஞ்சளாகிவிட்டது. அவர் அந்தப் பஞ்சைக் குப்பையில் போடாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். டில்லிபாபு அப்போது இரண்டாவது பப்ஸில் இருந்தான்.

"வண்டியை எடு டில்லி. வல்லத்துக்குப் போகலாம்."

மேனேஜர் புருஷோத்தமன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கோபம் வந்தால் காது மூடிக்கொள்கிற ஜாதி. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அடுத்த வாரம் வரப்போகிற நேரத்தில் இந்தத் தலைவலி வேறு. ஆட்டோவிலிருந்து ஞானம்மா இறங்குவதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"மேடம், நான் உங்களைக் கூப்பிடவே இல்லையே."

"கூப்பிடாம வந்தா டீ குடுக்க மாட்டீங்களா? போலீஸ் வந்தா அந்தச் சில்லை சோதனைக்கு எங்கேயாவது அனுப்பத்தான் போறாங்க. அதுக்கு முன்னாடி நான் ஒரு தரம் பாத்துடறேன்."

புருஷோத்தமன் வேண்டாவெறுப்பாக உள்ளே கை காட்டினார். பேச்சியை கேட் அருகே உட்கார வைத்துவிட்டு மூவரும் உள்ளே போனார்கள். லேசர் அறை ஜன்னலே இல்லாத சின்ன அறை. அங்கே கனிஷ்கா என்ற இளம் இன்ஜினியர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். ஞானம்மா கேட்டதும் இரண்டு சில்லுகளை எடுத்து வைத்தாள். இரண்டும் சட்டைப் பொத்தான் அளவு, தண்ணீர் போலத் தெளிவு.

"நீலக்கல்லுன்னு சொல்றாங்கோ, நீலத்தையே காணோமே," என்றான் டில்லிபாபு.

"அழுக்கு கலந்தாத்தான் நீலம் வரும். சுத்தமான கல்லுக்கு நிறம் கிடையாது," என்றார் ஞானம்மா.

கனிஷ்கா நல்ல சில்லை மெஷினில் வைத்தாள். பச்சை ஒளி ஒரு புள்ளியாக விழுந்தது. திரையில் ஊசி ஊசியாகக் கோடுகள் எழுந்தன. அடுத்து இசக்கிபாண்டியின் தட்டிலிருந்த சில்லை வைத்தாள். ஊசி ஒன்றுகூட இல்லை. பெரிய மேடு ஒன்றுதான் திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

"இதுல இன்னா யக்கா தெரியுது?"

"இந்தக் கல்லு அலுமினிய ஆக்சைடு டில்லி. உள்ள அணு எல்லாம் வரிசை பிசகாம நிக்குது. நின்ன எடத்துலயே அதிருது. லேசர் பட்டா, அந்த அதிர்வைத் தொட்ட வெளிச்சம் துளி நிறம் மாறித் திரும்பி வரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு கோடு. கண்ணாடியில வரிசை கிடையாது. அதனால கூரான கோடும் கிடையாது."

"அப்ப கல்லு கல்யாணப் பந்தி. கண்ணாடி, மீட்டிங் முடிஞ்சு பிரியாணிப் பொட்டலம் குடுக்குற எடம்."

கனிஷ்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. புருஷோத்தமனுக்கு வரவில்லை. "கோடு இல்லை, அதனால கண்ணாடி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் மேடம்?"

ஞானம்மா இரண்டு சில்லுகளின் மீதும் வாயால் ஊதினார். இரண்டிலும் ஆவி படிந்தது. இரண்டிலும் சட்டென்று மறைந்தது; கண்ணாடியாக இருந்தால் சற்று நேரம் நின்றிருக்கும். "தராசு இருக்கா?" என்று கேட்டார்.

தராசு வந்தது. நல்ல சில்லை வைத்தார், எடுத்தார். சந்தேகச் சில்லை வைத்தார். எண் மாறவே இல்லை.

"ரெண்டும் ஒரே அளவு, ஒரே எடை. கண்ணாடியா இருந்தா மூணுல ரெண்டு பங்குகூட வந்திருக்காது," என்றார் அவர். "சார், உங்க கல்லு ஒண்ணுகூட எங்கேயும் போகலை. எல்லாம் இந்தத் தட்டுலயேதான் இருக்கு."

கனிஷ்காவின் முகம் சிவந்தது. "எடை போட்டுப் பாக்கத் தோணவே இல்ல மேடம். மெஷின் காட்டுச்சு, சார் உடனே எல்லாத்தையும் பெட்டியில போட்டு சீல் வச்சிட்டாரு."

புருஷோத்தமன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். "சரி, திருட்டு இல்லைன்னே வச்சிக்குவோம். அப்ப மெஷின் ஏன் இவன் தட்டை மட்டும் பிடிக்குது? அதுவும் அந்த ரெண்டு நாள் மட்டும்? எதையோ பண்றான் மேடம். திருடலைன்னா கெடுக்குறான். ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்."

கதவுக்கு வெளியே வந்ததும் டில்லிபாபு குரலைத் தாழ்த்தினான். "யக்கா, அந்த இன்ஜினியர் பொண்ணு மேலதான் எனக்கு டவுட்டு. மெஷின் அது கையிலதான கீது."

"காலையிலேருந்து இது ரெண்டாவது ஆளு. மதிய சாப்பாட்டுக்குள்ள மேனேஜரையும் பிடிச்சுடுவே போல. வா, அந்தப் பையன் எப்படித் துடைக்கிறான்னு பாக்கலாம்."

இசக்கிபாண்டியைத் துடைக்கும் இடத்துக்கு அழைத்து வந்தார்கள். ஒல்லியான ஆள். வெள்ளைக் கோட்டின் இடது கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டிருந்தான். மேனேஜர் பக்கத்தில் வந்தபோது அதை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டான். கையுறை மாட்டி, நீலத் துணியில் ஆல்கஹாலை ஊற்றி, வழக்கம்போலத் துடைத்துக் காட்டினான். ஒவ்வொரு சில்லையும் துடைத்த பிறகு, துணியோடு இடது கையைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தான். எங்காவது கோடு தெரிந்தால் மறுபடி துடைத்தான். துணியிலிருந்து ஆல்கஹால் வழிந்து, கையுறையைத் தாண்டி மணிக்கட்டு வரை ஓடியது. கை தாழ்ந்ததும் விரலுக்கே திரும்பி வந்தது.

"எல்லாரும் இப்படித்தான் தூக்கிப் பாப்பாங்களா?" என்று கேட்டார் ஞானம்மா.

"இல்ல மேடம்," என்றாள் கனிஷ்கா. "மேஜையில வச்சே பாத்துட்டுத் தட்டுல போட்டுடுவாங்க. இவரு மட்டுந்தான் ஒவ்வொண்ணையும் இப்படிப் பாக்குறது."

"போதும். எல்லாரையும் லேசர் ரூமுக்குக் கூப்பிடுங்க. மாசானம், அந்தப் பொண்ணு பேச்சி, ரெண்டு பேரும் இருக்கணும்."

சின்ன அறையில் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். கழிவு வண்டிக்கார மாசானம் கதவோடு ஒட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். பேச்சி கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். திருடன் யார் என்று தெரியப்போகிற நேரத்தில் வழக்கமாக டில்லிபாபுவுக்குக் குஷி பிறக்கும். இன்றைக்கு மட்டும் யாரும் குற்றவாளியாக இருந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

ஞானம்மா சந்தேகச் சில்லு ஒன்றைப் புதுப் பஞ்சாலும் புது ஆல்கஹாலாலும் துடைத்து மெஷினில் வைத்தார். திரையில் ஊசிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

"கல்லு கல்லாத்தான் இருக்கு. மேல ஏதோ ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். படிகத்தோட அதிர்விலேருந்து வர்ற வெளிச்சம் ரொம்பச் சன்னம். ஹைவேயில லாரி ஹாரன் அடிக்கும்போது பக்கத்துல ஒருத்தர் ரகசியம் பேசுறாப்புல. பச்சை வெளிச்சம் பட்டதும் தானே ஒளிர்ற பொருள் ஏதாவது மேல இருந்தா, ஹாரன்தான் கேக்கும். நீங்க மேடுன்னு பாத்தது அந்த ஹாரனை. கண்ணாடியிலேருந்து வந்தது இல்ல."

"என்ன பொருள்?" என்றார் புருஷோத்தமன்.

"கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாப் படியணும். தண்ணியில கரையக் கூடாது, ஆல்கஹால்ல கரையணும். செவ்வாய் வெள்ளியில மட்டும் வரணும். ஆல்கஹால் மணிக்கட்டு வரைக்கும் வழியற மாதிரி கையைத் தூக்குற ஆளுகிட்ட மட்டும் இருக்கணும்." ஞானம்மா கைப்பையிலிருந்து, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச் ஒன்றை எடுத்தார். "செவ்வாய் வெள்ளின்னதும் நீங்க கழிவு வண்டியை நெனச்சீங்க சார். இந்த ஊர்ல அந்த ரெண்டு நாளும் வேற எதுக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா, மாசானத்தை இழுத்திருக்கவே வேணாம். இசக்கி, உன் இடது கையைக் காட்டுறியாப்பா?"

இசக்கிபாண்டி அசையவில்லை. பேச்சியை ஒருமுறை பார்த்தான். பிறகு கோட்டின் கையை மேலே ஏற்றினான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது.

"கனிஷ்கா, லைட்டை அணைம்மா."

இருட்டில் ஊதா வெளிச்சம் விழுந்ததும் அந்தக் கயிறு பச்சையும் மஞ்சளுமாகப் பளீரென்று ஒளிர்ந்தது. கயிற்றிலிருந்து கையுறையின் விரல் நுனிவரை, வழிந்த தடமெல்லாம் ஒளிர்ந்தது. தட்டில் மிச்சமிருந்த சில்லுகளின் ஓரமும், நீலத் துணியும்கூட மினுங்கின. ஞானம்மா டார்ச்சைத் திருப்பினார். பேச்சியின் பத்து விரல்களும் ஒளிர்ந்தன.

"மஞ்சள்," என்றான் டில்லிபாபு. காலையில் அந்தப் பஞ்சை முழுசாகப் பார்த்தும் தனக்கு உறைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

பேச்சி தன் கைகளையே வெறித்தாள். "இசக்கியம்மன் கோயில்ல கட்டுன கயிறுக்கா. பிள்ள தங்கணும்னு அவிய கையில கட்டுனது. செவ்வா வெள்ளி காலையில சாமி கும்பிட்டுப் புது மஞ்சளு ஒரசிப் பூசி அனுப்புவேன். அப்பம் நாந்தான் செஞ்சனா? என் கையாலயா இவியளத் திருடனாக்கிட்டேன்?"

"நீ என்ன செஞ்ச," என்றான் இசக்கிபாண்டி. அவன் அறைக்குள் பேசிய முதல் பேச்சு அது. "கயிறு கூடாதுன்னு போர்டுல போட்டிருந்ததப் பாத்தும் மறச்சது நாந்தான். ஆனா அதுதான் காரணம்னு சத்தியமாத் தெரியாது சார்."

விஷயம் முடிந்துவிட்டது என்று டில்லிபாபு மூச்சுவிட்டான். புருஷோத்தமன் விடவில்லை. விஷயம் புரிந்த பிறகு அவர் கோபம் குறையாமல் இன்னும் ஏறியது. "கயிறு, மோதிரம், வளையல், எதுவும் உள்ள வரக் கூடாது. தட்டு தட்டா ரிஜெக்ட் பண்ணியிருக்கோம். இப்பவே அதை அறுத்துப் போட்டுட்டு வேலையைப் பாரு. முடியாதுன்னா கணக்கை முடிச்சிக்கினு கிளம்பு."

"அறுக்க மாட்டேன் சார்," என்றான் இசக்கிபாண்டி. "ரெண்டு பிள்ளை போயிட்டு. இது பிள்ளை பொறந்த பொறவுதான் கழட்டணும். வேலை போனாப் போகட்டும்."

ஞானம்மா டார்ச்சை அணைக்க மறந்தவர் போல அதைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தார். ஊதா வெளிச்சம் சுவரில் நகர்ந்து, மெஷினில் நகர்ந்து, புருஷோத்தமனின் இடது கையில் வந்து நின்றது. அவருடைய கைக்கடிகாரப் பட்டையின் இரண்டு பக்கமும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு விளிம்பு பிரகாசமாக எட்டிப் பார்த்தது.

மாசானம் சட்டென்று முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். டில்லிபாபு நாக்கைக் கடித்துக்கொண்டு, சிரிப்பு வெளியே வராமல் இருக்கப் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

புருஷோத்தமன் தன் கையைப் பார்த்தார். மெல்லக் கடிகாரத்தைக் கழற்றினார். "பொண்ணு பெரிய பரீட்சை எழுதுறா," என்றார், யாரையும் பார்க்காமல். "வூட்ல கட்டிவுட்டாங்க. கடிகாரத்துக்கு உள்ளதானேன்னு வுட்டுட்டேன்."

கனிஷ்கா விளக்கைப் போட்டாள். அந்த வெளிச்சத்தில் அவர் பாதியாகக் குறைந்தது போலத் தெரிந்தார்.

"சட்டம் சரிதான் சார்," என்றார் ஞானம்மா, ஒன்றுமே நடக்காதது போல. "துடைக்கிற இடத்துல கயிறு கூடவே கூடாது. ஆனா கல்லு அறுக்குற பக்கம் தண்ணிதானே ஓடுது? தண்ணியில மஞ்சள் கரையாது. அறுத்த பிறகு எப்படியும் கழுவித் தேய்க்கத்தான் போறீங்க. மெஷின்ல மாட்டாதபடி கயிறு மேல பட்டை ஒண்ணு சுத்திக்கிட்டா, பிள்ளை பொறக்குற வரைக்கும் இவன் அங்க இருக்கலாம். இவ்வளவு கவனமாப் பாக்குற கண்ணு அங்கேயும் உதவும்."

புருஷோத்தமன் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "திங்கக்கிழமையிலேருந்து கட்டிங் பக்கம் வா," என்றார் இசக்கிபாண்டியிடம். "மாசானம், நீயும் போய் வண்டியை எடு. மனசுல வச்சிக்காத." எல்லாம் முடிந்தது என்கிற மாதிரி கதவைத் திறந்தார்.

"சார்," என்றாள் பேச்சி.

அவள் குரல் உரக்க இல்லை. ஆனாலும் அவர் நின்றார்.

"வேலை குடுத்தீய, சந்தோசம். ஆனா திருடன்னு நீங்க இந்த ரூமுக்குள்ள வச்சிச் சொல்லல. ஷிப்டுல அத்தன பேரு முன்னாடி சொன்னீய. இங்கன வச்சி இல்லன்னு சொன்னா எப்படி சார்? நாளைக்கு எம்புள்ள இந்த ஊர்லதான் வளரணும். சொன்ன எடத்துல வச்சே இல்லன்னு சொல்லணும்."

இசக்கிபாண்டி அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் நகரவில்லை. டில்லிபாபு ஞானம்மாவைப் பார்த்தான். அவர் டார்ச்சைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். அந்த இடத்தில் தனக்கு வேலை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஷிப்ட் மாறுகிற நேரம். உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் வழக்கம்போல முற்றத்தில் வரிசை கட்டி நின்றார்கள். சூப்பர்வைசர் பேசுகிற மைக்கைப் புருஷோத்தமன் தானே வாங்கினார். டில்லிபாபு கேட்டுக்குப் பக்கத்தில் பேச்சியோடு நின்றான். மேனேஜர் இங்கிலீஷில் எதையாவது மழுப்பிவிட்டுப் போய்விடுவாரோ என்று அவனுக்குப் பயம்.

"காலையில நான் இங்க நின்னு ஒரு வார்த்தை சொன்னேன்," என்றார் அவர். "அது தப்பு. கல்லு எதுவும் காணாமப் போகலை. இசக்கிபாண்டி எடுக்கலை, மாசானம் எடுக்கலை. சரியாப் பாக்காம பேசினது நான். இசக்கிபாண்டி, எல்லார் முன்னாடியும் கேக்குறேன், மன்னிச்சிக்கப்பா."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பேச்சி, அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வரிசையில் நின்றிருந்த இசக்கிபாண்டி யாரிடமும் கேட்கவில்லை. வரிசையை விட்டு விலகி, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நிமிர்ந்த தலையோடு முற்றத்தின் குறுக்கே அவளை நோக்கி நடந்து வந்தான்.